பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு பெயர் கேட்கப் போனோம்

காலை 5.40. பூதப்பாண்டி பேருந்து நிறுத்தத்தில் நானும் என் மகள் அஜிதாவும் நாகர்கோவில் பேருந்துக்காக நின்றோம். அவள் மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என் கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். முதல்முறையாக ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவள் அம்மா கொடுத்துவிட்டது.

பிள்ளைகளே, சனிக்கிழமைகளில் நம் நூலகத்தில் கூடுகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் போனது பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்காரர்கள் வாழும் ஒரு குடியிருப்புக்கு. சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு பெயரைக் கேட்டு வாங்க.

விஷயம் இதுதான். உங்களில் பலர் கம்ப்யூட்டரில் ராஜ்ஜிய விளையாட்டு விளையாடியிருப்பீர்கள். முதலில் நாலு ஆளும் ஒரு குடிசையும் தருவார்கள். மரம் வெட்டி, உணவு சேர்த்து, கோட்டை கட்டி, படை திரட்டி, எதிரியின் ஊரை எரித்தால் வெற்றி. ரோமர், சீனர் என்று அதில் ஒவ்வொரு மக்களுக்கும் ஒவ்வொரு பலம் உண்டு. அப்படிப் புதிதாக ஒரு மக்களை உருவாக்கி அனுப்பச் சொல்லி அந்த விளையாட்டுக்காரர்கள் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். கல்லூரியில் முதலாம் ஆண்டு கம்ப்யூட்டர் படிக்கும் அஜிதா, நம் மாவட்டத்து மலைமக்களான காணிக்காரர்களைச் செய்தாள். மூன்று மாத உழைப்பு. சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தாள்.

புதன்கிழமை அவளுடைய வகுப்புத் தோழி ஷைனி அதைப் பார்த்தாள். ஷைனி காணிக்காரப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தலையில் இறகு செருகி, இடுப்பில் இலை கட்டி, வில்லோடு குதிக்கிற பொம்மையைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இது யாரு? எங்க அப்பாவா?” என்று கேட்டாளாம். அஜிதாவுக்கு முகம் செத்துப்போயிற்று. படங்களையெல்லாம் எங்கிருந்தோ பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாளே தவிர, காணிக்காரர் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த ஷைனியிடம்கூடக் கேட்கவில்லை.

“மன்னிச்சுக்கோ ஷைனி. உங்க பேரை வச்சுக்கலாமா?” என்று கேட்டதற்கு அவள், “என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல? ஊருல வந்து கேளு” என்றாள்.

போட்டிக்குப் பெயர் பதியக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஆறு மணி. விளையாட்டை ஒரு மாதம் கழித்து அனுப்பினாலும் போதும். ஆனால் எந்த மக்கள் என்று பெயரைப் பதியாவிட்டால் மூன்று மாத வேலையும் வீண். அதனால்தான் சனிக்கிழமை விடியும் முன்னே கிளம்பினோம்.

காலை 6.50. நாகர்கோவில் வடசேரியிலிருந்து பேச்சிப்பாறைப் பேருந்து. எனக்கு மட்டும்தான் டிக்கெட், மகளுக்கு இலவசப் பயணம். “ஒரு ஆளுக்குக் காசு, ரெண்டு ஆளுக்கு சீட்டு, லாபம்தானே அண்ணாச்சி” என்று நடத்துநர் சிரித்தார். தக்கலை வரைக்கும் கடைகளும் பள்ளிக்கூடங்களும். குலசேகரம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை, அதில் சொட்டுச் சொட்டாகப் பால். காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு பத்து கிலோமீட்டர் ஏற்றமும் வளைவும்.

காலை 9.10. பேச்சிப்பாறை. முந்தின நாளே ஊருக்குப் போயிருந்த ஷைனி, இறங்கிய இடத்திலேயே நின்றாள். பக்கத்தில் ஒரு பழைய ஜீப். “அங்கிள், இது என் மாமா, மணி. நம்மள மேல கொண்டு விடுவாரு” என்றாள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். “ஷைனியோட விருந்தாளுக்குக் காசா? ஏறுங்க அண்ணே.”

இனி நான் சொல்லப்போவது என்னுடைய முட்டாள்தனம். மறைக்காமல் சொல்கிறேன். முந்தின நாள் அஜிதாவிடம் காணிக்காரர்களைப் பற்றி நாலு பக்கம் அச்செடுத்து வாங்கிப் படித்திருந்தேன். நான் முன்சீட்டில். தோழிகள் இரண்டு பேரும் பின்னால். சும்மா இருப்பானேன் என்று மணியிடம் பேச ஆரம்பித்தேன்.

“இந்த மலையில மூட்டுக்காணின்னு ஒரு தலைவர் உண்டாம், தெரியுமா?”

“அப்படியா?”

“ஆமா. ஊர்ல சண்டை வந்தா அவருதான் தீத்து வைப்பாராம். கையில ஒரு கம்பு இருக்குமாம். அவரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சே கிடையாதாம்.”

“கொள்ளாமே! பெரிய ஆளுதான் போலுக்கு.”

“இன்னைக்கு அவரைத்தான் பாத்துக் கேக்கணும். கொஞ்சம் முரட்டு ஆளா இருப்பாரோ என்னவோ.”

“அதெல்லாம் அவரு பெண்டாட்டிகிட்ட கேட்டாத்தான் தெரியும்” என்றார் மணி. பின்னால் ஷைனி இருமினாள். இருமல் என்றுதான் நினைத்தேன்.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் எங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொண்டு, காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று பழம் இருந்த பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழத்தை என் துண்டில் முடிந்தேன். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதை என்பது பாறையும் சேறும்தான். இடது பக்கம் மரங்களுக்கு இடையே அணைத் தண்ணீர் கூடவே வந்தது.

“அண்ணனுக்கு எந்த ஊரு?”

“பூதப்பாண்டி.”

“அப்போ நம்ம வெள்ளம் குடிக்கிற ஆளு.” கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் தாடையால் தண்ணீரைக் காட்டினார். “இதுக்கு அடியில எங்க ஆளுங்க கிழங்கு போட்ட நிலம் கிடக்கு. அணை கட்டி வெள்ளம் ஏற ஏற அவங்களும் மேல ஏறுனாங்க. என் பாட்டனுக்கும் பாட்டன் காலம்.”

“நல்ல தண்ணி” என்று சொல்லிவைத்தேன்.

காலை 10.30. குடியிருப்பு. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால் எழுதவில்லை. இலைக்குடிசையைத் தேடிய என் கண்ணுக்கு முதலில் பட்டது டிஷ் ஆன்டெனா. சிறிய கான்கிரீட் வீடுகள், நடுநடுவே மண்சுவர் வீடுகள். மரவள்ளி என்கிற மரச்சீனியும் நல்லமிளகுக் கொடியும் வாசல்வரை வந்திருந்தன. ஒரு பெண் தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிப் பேசிக்கொண்டே ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் ஷைனியின் அம்மா பிந்து.

துண்டை அவிழ்த்துப் பழத்தைக் கொடுத்தேன். பிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “மட்டிப்பழமா! இது இங்க இருந்துதான் அண்ணா கீழ சந்தைக்கு வருது. பாவம், திரும்ப மலை ஏறி வந்திருக்கு.” ஆனாலும் ஒரு பழத்தை உடனே உரித்துத் தின்றார், எனக்காக. பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனியும் காந்தாரிமிளகு அரைத்த சம்மந்தியும் வந்தன. கண்ணில் நீர் வந்தது, பாதி காரத்தால்.

பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில் இருபது பேர் போல வந்து உட்கார்ந்தார்கள். பேச்சைத் தொடங்காமல் எல்லோரும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஜீப்பை நிறுத்திவிட்டு மணி வந்து நடுவில் உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து கைகூப்பினேன்.

“இருங்க அண்ணே” என்றார் மூட்டுக்காணி மணி. “கம்பு ஜீப்புக்குள்ள கிடக்கு. டயர் மாத்தும்போது முட்டுக்கொடுக்க நல்லா உதவும்.”

மரத்தடியில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அஜிதா மடிக்கணினியைத் திறந்தாள். இறகையும் இலையையும் அவள் முன்பே எடுத்துவிட்டிருந்தாள். ஏறுமாடத்தைக் காட்டினாள். யானையும் பன்றியும் வருகிறதா என்று பார்க்க மரத்தின் மேல் கட்டும் காவல் குடில்தான் ஏறுமாடம். அதன் மேலிருந்து ஆட்கள் அம்பு விட்டார்கள்.

“யாரைப் பாத்து அம்பு விடுது?” என்று ஒருவர் கேட்டார்.

“எதிரியை.”

“எங்களுக்கு யாரு எதிரி? யானை வந்தா தகரத்தத் தட்டுவோம், சத்தம் போடுவோம். அது வாழையத் தின்னுட்டுப் போனா திரும்ப வைப்போம். அம்பு விட்டா அது சும்மா போவுமா?”

அஜிதா குறித்துக்கொண்டாள். அடுத்து, எதிரிப்படை வந்து ஊரை எரிக்கும் காட்சி. திரையில் குடிசைகள் பற்றி எரிந்தன. பிந்துவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“இத யாரெல்லாம் விளையாடுவாங்க?”

“எல்லா நாட்டுலயும் ஆன்ட்டி.”

“அப்போ எங்கயோ இருக்கவன் எவனாவது, காணிக்காரன் குடிசைய கொளுத்திட்டேன்னு கைதட்டுவான். இல்லியா?”

நான்தான் குறுக்கே புகுந்தேன். “அது வெறும் விளையாட்டுதானே தங்கச்சி.”

“வெறும் விளையாட்டுன்னா எங்க பேரு எதுக்கு அண்ணா?”

மணி தலையைச் சொறிந்தார். ஒருவரும் கோபப்படவில்லை, ஆனால் இரண்டு மூன்று பேர் எழுந்து ரப்பர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அஜிதா அவசரமாக அந்தக் காட்சியை மூடப்போய் வேறொன்றைத் தட்டிவிட்டாள். திரையில் ஒரு ஆள் உயரமான பாறையில் தேன் எடுக்க ஏறினான்.

ஷைனியின் அப்பா சுரேந்திரன் அதுவரை பேசாமல் இருந்தவர், திரையருகே வந்து குனிந்தார். அந்த ஊரில் மலைத்தேன் எடுக்கிறவர் அவர்தான். “இவன் தனியாவா ஏறுகான்?”

“ஆமா அங்கிள்.”

“செத்துப்போவான். கயிறு யாரு பிடிக்குகா?”

“இன்னொரு ஆளை வச்சுடலாம். யாராவது ஒருத்தர்…”

“யாராவதா!” மரத்தடியே சிரித்தது. எழுந்து போனவர்களும் திரும்பி வந்தார்கள். சுரேந்திரன் விளக்கினார். பாறையின் மேலிருந்து கொடிக்கயிற்றில் தொங்கித் தேனடையை அறுக்கும்போது, மேலே கயிற்றைக் காவல் காக்கிறவன் அளியனாகத்தான் இருக்க வேண்டும். அளியன் என்றால் பெண்டாட்டியின் உடன்பிறந்தான். அவர் வீட்டில் அதுதான் வழக்கம்.

“கூடப்பிறந்த தம்பி பிடிச்சா என்ன?” என்று நான் கேட்டேன்.

“தம்பிக்கு என் பங்கு நிலத்துல ஒரு கண்ணு இருக்கும். அளியன் விடமாட்டான். விட்டா அவன் தங்கச்சிதானே விதவையாவா?”

“அந்த அளியன் யாருன்னு கேளுங்க” என்றார் பிந்து.

மணி துண்டை உதறினார். “நான்தான். வருஷத்துல பதினோரு மாசம் இவரு என்னை மதிக்கவே மாட்டாரு. சித்திரையில தேன் காலம் பிறந்தாப் போதும். ‘மணி சாயா குடிச்சியா, மணி உக்காரு, மணிக்கு மீன் தலைய வை!’”

“பின்ன? என் உயிரு உன் கையில அல்லியா கிடக்கு” என்றார் சுரேந்திரன்.

“அதனாலதான் எனக்கும் இவருக்கும் சண்டை வந்தா, பங்குனிக்குள்ள நான் தீத்து வச்சிருவேன்” என்றார் பிந்து.

அஜிதாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். “அப்படின்னா, கல்யாணம் நடக்காம தேன் எடுக்க முடியாது” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். பிறகு சத்தமாக, “ரெண்டு வீடு சம்பந்தம் பண்ணினாத்தான் ஒரு தேன்காரன் கிடைப்பான். அளியனோட சண்டைன்னா அந்த வருஷம் தேன் கிடையாது. இப்படி ஒரு மக்கள் எந்த விளையாட்டுலயும் இல்ல!” என்றாள்.

பிறகு அவள் பிந்துவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா? நெஜமாவே தீ வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

“என்ன செய்ய? பிள்ளைங்களத் தூக்குவோம், நடுகதுக்கு மரச்சீனிக் கம்பு ஒரு கட்டு எடுப்போம், மேல ஏறுவோம்.”

“பானையையும் எடுக்கணும்” என்றார் இன்னொரு பெண்.

“வெள்ளம் வந்தப்பவும் அப்படித்தானே ஏறுனாங்க” என்றார் மணி.

பகல் 12.30. மடிக்கணினியை மூடிவிட்டு மண்ணில் கோடு கிழித்தோம். ரப்பர் விதைகள் ஆட்கள், கற்கள் வீடுகள், ஒரு கொட்டாங்குச்சி ஏறுமாடம். ஊர் ஆட்களை நகர்த்துவது மணி, எதிரிப்படைக்கு பிந்துவே தலைவி. ஏறுமாடத்திலிருந்து தகரம் தட்டினால் ஆட்களெல்லாம் மேலே ஏறிவிட வேண்டும் என்று அஜிதா விதி சொன்னாள். பிந்து படையோடு வந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார்.

“ஒண்ணுமே இல்லியே! ஒரு ஆளு கூட இல்ல!”

“இருக்குமா பின்ன? உன் அண்ணன் பானையைக்கூட விட்டு வைக்கல்ல” என்றார் சுரேந்திரன்.

பிந்து மேட்டைப் பார்த்தார். அங்கே விதைகள் வேறு கற்களை வைத்துப் புதிதாக ஒரு ஊரைத் தொடங்கியிருந்தன. “இது கொள்ளாம்” என்றார். “கொளுத்துகவன் கொளுத்தட்டும். உள்ள ஆளு இருக்கக் கூடாது. அது மட்டும் உறுதி.”

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு வீட்டின் அளியன் யார் என்பதில் இரண்டு பெண்களுக்குச் சண்டையே வந்துவிட்டது. அதை மூட்டுக்காணி தீர்த்துவைத்தார். கம்பு தேவைப்படவில்லை.

சாப்பாட்டுக்கு அணை மீன் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு காரியம் சொன்னார்கள். மருந்துப் பச்சிலைகளின் பெயர் ஒன்றைக்கூட விளையாட்டில் போடக் கூடாது. நோய் தீரப் பாடும் சாற்றுப்பாட்டை அதில் ஒலிக்கவிடக் கூடாது. அது நோயாளிக்காகப் பாடுவது, வேடிக்கைக்கு இல்லை. அஜிதா இரண்டுக்கும் சரி என்றாள்.

பிற்பகல் 2.40. கிளம்பும் நேரம். நானே கேட்டேன். “அப்போ, பேரு வச்சுக்கலாமா?”

மணி மற்றவர்களைப் பார்த்தார். பிந்து தலையை லேசாக அசைத்தார், ஆமா என்றா இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. மணிக்குப் புரிந்தது.

“இப்போ இல்ல அண்ணே. பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா மண்ணுல ஆடுனது வேற, அந்தப் பெட்டிக்குள்ள வரது வேற. முடிச்சுக் கொண்டுவரட்டும். இங்க எல்லாரும் விளையாடிப் பாக்குகோம். அதுக்கு மேல பேரைச் சொல்லுகோம்.”

“ஆறு மணிக்குள்ள பதியணுமே” என்று நான் இழுத்தேன்.

“அப்பா” என்றாள் அஜிதா. பிறகு அவர்களைப் பார்த்து, “சரி, கொண்டுவரேன்” என்றாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் உறுதியாக இருந்தது. பிந்து அவள் கையில் ஒரு குப்பி தேனைத் திணித்தார். காசு நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார். “விதிய நல்லா எழுது மக்கா. அளியன் கயித்த விட்டா என்ன ஆவும்னும் எழுது.”

மாலை 4.15. பேச்சிப்பாறையிலிருந்து திரும்பும் பேருந்து. மலை இறங்க இறங்கத் தண்ணீர் கால்வாயாக மாறி எங்களோடு வந்தது. பிள்ளைகளே, நம் ஊர் வயலுக்கு வருவது அந்த மலைத் தண்ணீர்தான். நாற்பத்தொன்பது வருஷமாக அந்த நெல்லைத் தின்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமானால் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டிருக்கிறேன். மேலே அதற்காக இடம் பெயர்ந்த ஜனங்கள் உண்டு என்று ஒருநாள்கூட விசாரித்ததில்லை. அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள், என் முட்டாள் பேச்சைப் பொறுத்தார்கள், அரை நாள் வேலையை விட்டு என் மகளுக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். இல்லை என்று சொன்னதைக்கூட நாங்கள் திரும்பி வருவதற்கு வழி வைத்தே சொன்னார்கள். நம் வாசலுக்கு முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து இப்படிக் கேட்டிருந்தால் நாம் உட்காரச் சொல்லியிருப்போமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மாலை 5.35. தக்கலை தாண்டியதும் அஜிதா செல்போனில் பதிவுப் படிவத்தைத் திறந்தாள். தன் பெயர், வயது, கல்லூரி. அந்த மக்களின் பலம் என்ன என்ற இடத்தில் கயிறு, அளியன், மேட்டுக்கு ஏறுவது எல்லாம் எழுதினாள். மக்களின் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள். படிவம் போகவில்லை. அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு வந்தது.

“காலியா விட்டா எடுக்காது அப்பா.”

அவள் ஜன்னல் வழியே மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தையைத் தட்டி, செல்போனை என் பக்கம் திருப்பினாள்.

‘கேட்டிருக்கிறோம்.’

“அனுப்பட்டா?”

“அனுப்பு மக்கா” என்றேன்.